தாவுகிற குவாட் வண்டிக்கு எந்த ஷாக்? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நிலம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம். மல்லாட்டை போட்டுப் போட்டு அலுத்துப்போன இரண்டு ஏக்கரில் ஜேசிபி வைத்து மண்ணைக் குவித்து ஒரு டேபிள்டாப் (உச்சி தட்டையான பெரிய ஜம்ப்), இரண்டு சின்ன ஜம்ப், ஒரு குலுக்கல் வரிசை (அடுத்தடுத்த சின்ன மேடுகள்) எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர், குவாட் அல்லது ஏடிவி என்று சொல்லும் நான்கு சக்கர வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து நண்பர்கள் குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஷாக்கில்தான், அதாவது அடியைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில்தான், வந்து நிற்கும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஸ்போர்ட் ஏடிவி என்றால் எது? ரிசார்ட்டில் வாடகைக்கு ஓட்டுகிறோமே, அதுவா?

அது வேறு. ரிசார்ட்டில் ஓடுவது பெரும்பாலும் சின்ன ஆட்டோமேட்டிக் வண்டி, இல்லையென்றால் முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பி போட்ட வேலை வண்டி. ஸ்போர்ட் ஏடிவி அகலமாக, தாழ்வாக இருக்கும். கியர் உண்டு, பின் சக்கரங்களுக்கு செயின், முன்னால் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரட்டை ஏ-ஆர்ம், பின்னால் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஒரு ஸ்விங்ஆர்ம், அதற்கு லிங்கேஜோடு (இணைப்புத் தண்டுகள்) ஒற்றை ஷாக். என் வண்டியில் முன் சக்கரம் சுமார் 250 மி.மீ. மேலும் கீழும் போய்வரும், பின்பக்கம் சுமார் 280. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் இந்த வகை வண்டிக்கு மட்டும். வேலை வண்டியை வைத்துக்கொண்டு டேபிள்டாப் தாண்டப் பார்க்காதீர்கள்.

இறங்கும்போது டமால் என்று அடி தட்டுகிறது. நல்ல ஷாக் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகலாம். ஆனால் இப்படிக் கேட்டு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் புது ஷாக்கே தேவைப்படவில்லை. ஒன்று, உள்ளே இருந்த ஆயில் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாததாக இருந்தது. இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஓட்டுகிறவரின் எடைக்குப் பொருந்தவில்லை. பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் ஷாக்குக்குள் போய்வரும் கம்பியை, அதாவது ஷாஃப்ட்டை, துடைத்துவிட்டு நான்கு முறை தாவிவிட்டு வாருங்கள். ஷாஃப்ட்டில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. அப்புறம், வண்டியைக் கையால் அழுத்தி விடுங்கள். மெதுவாக எழுந்து நிற்க வேண்டும். தவளை மாதிரி துள்ளினால் உள்ளே ஆயிலும் கேஸும் வேலை செய்யவில்லை. மூன்றாவது, ஏ-ஆர்ம் புஷ்களையும் பின் லிங்கேஜ் பேரிங்குகளையும் ஆட்டிப் பாருங்கள். இந்தப் பக்கச் செம்மண் தூளும் குவாரித் தூளும் அந்த ஊசி பேரிங்குகளை அரைத்துவிடும். பேரிங் இறுகிப்போன லிங்கேஜில் எத்தனை விலை உயர்ந்த ஷாக்கை மாட்டினாலும் பலனில்லை.

இதெல்லாம் சரியாக இருந்து, உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் இருந்து, அப்போதும் அடி தட்டினால் வாங்குங்கள்.

ஸ்பிரிங் என் எடைக்குச் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு டேப்பும் ஒரு கூட்டாளியும் போதும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்படி வையுங்கள். அச்சுக்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு அச்சிலிருந்து அதுவரை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்குங்கள். ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி, இரண்டு மூன்று முறை குலுக்கிவிட்டு, ஓட்டும் நிலையில் அசையாமல் இருங்கள். கூட்டாளி அதே இடத்தில் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி உட்காரும் அளவு.

மொத்த ஓட்டத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தில், அது 30 முதல் 35 சதவீதம் இருந்தால் நல்லது. 250 மி.மீ. ஓட்டத்துக்கு 75 முதல் 87, 280க்கு 84 முதல் 98. இதைவிட அதிகமாக உட்கார்ந்தால் தாவி இறங்கும்போது மீதி இருக்கும் ஓட்டம் போதாது. குறைவாக உட்கார்ந்தால் சக்கரம் குழியில் இறங்கித் தரையைப் பிடிக்காது, வண்டி மேலே மிதந்துகொண்டே போகும். சில ரேஸ் ஷாக்குகள் வேண்டுமென்றே அதிகம் உட்காரும்படி செய்யப்பட்டவை. அவற்றுக்குச் செய்தவர் கொடுக்கும் அளவைப் பின்பற்றுங்கள்.

கவசம் போட்டுக்கொண்டு அளக்கச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. லுங்கியோடு ஏறி அளந்துவிட்டு, கணக்கு இடிக்கிறது என்று போன் செய்கிறார்கள். பூட்ஸ், ஹெல்மெட், கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் ஆறேழு கிலோ சாதாரணமாக வரும்.

மெக்கானிக், ஷாக்கில் இருக்கும் நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் டைட்டாகும் என்கிறாரே?

ஆகாது. எங்கள் பக்கம் பட்டறைக்குப் பட்டறை சொல்லும் தவறு இது. நட்டை இறுக்குவது ப்ரீலோடு. அது வண்டி நிற்கும் உயரத்தை ஏற்றும், அவ்வளவுதான். ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு எதிர்க்கும் என்பது கம்பியின் கனம், சுற்றின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் இருக்கிறது. நட்டால் அதை மாற்ற முடியாது. கனமான ஆள் மெல்லிய ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கி உட்காரும் அளவைச் சரிக்கட்டலாம். ஆனால் வண்டி மேலே எழும்போது தட்டும், கீழே இறங்கும்போதும் தட்டும். நட்டை முழுக்க இறுக்கியும் அளவு வரவில்லை என்றால் அடுத்த எண் ஸ்பிரிங் வாங்குங்கள். ஷாக்கை மாற்றுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு கொஞ்சம்தான்.

ஒரு மீட்டர் உயரம் தாவினால் வண்டி உண்மையில் எவ்வளவு அடி வாங்குகிறது?

கேட்டது காட்பாடியில் படிக்கும் ஒரு எஞ்சினியரிங் தம்பி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சமதரையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 கி.மீ. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்த வேகத்தை 25 செ.மீ. ஓட்டத்துக்குள் பூஜ்யமாக்க வேண்டும். உயரத்தை ஓட்டத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். 100ஐ 25ஆல் வகுத்தால் 4, ஒன்று சேர்த்தால் 5. சராசரியாக மொத்த எடையைப் போல ஐந்து மடங்கு. என் வண்டி பெட்ரோல் ஆயிலோடு 184 கிலோ. 80 கிலோ ஆள் ஏறினால் 264. ஐந்து மடங்கு என்றால் 1,320 கிலோ எடை வந்து அழுத்துவது போல. அதுவும் ஷாக் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் கிடைக்கும் சராசரி. டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், உங்கள் முழங்கால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இப்போது ஷாக் முதல் 15 செ.மீ. சும்மா விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசி 10 செ.மீ.யில்தான் எதிர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடி மொத்தமும் 10 செ.மீ.க்குள் வந்து சேரும், வண்டியின் சட்டத்துக்கும் உங்கள் முதுகெலும்புக்கும். தாவுகிற வண்டிக்கு ஷாக் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான். ஆரம்பத்தில் மென்மை, நடுவில் நல்ல எதிர்ப்பு, கடைசியில் சுவர் மாதிரி நிற்காமல் தலையணை மாதிரி நிற்பது.

இன்னொன்றும் கணக்கிலேயே தெரியும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுந்தால் ஒன்பது மடங்கு. அதைத் தாங்க எந்த ஷாக்கும் சுகமாக இருக்காது. இறங்குசரிவில் இறங்கினால் வண்டி விழும் கோணமும் மண்ணின் கோணமும் ஒத்துப்போவதால் ஷாக்குக்கு வரும் பங்கு வெகுவாகக் குறையும். என் டேபிள்டாப்பின் இறங்குசரிவை அரை நாள் ஜேசிபி வாடகைக்குத் திருத்தினேன். அதில் கிடைத்த சுகம் எந்த ஷாக்கிலும் கிடைத்ததில்லை.

லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு கம்ப்ரெஷன் என்கிறார்கள். நான் மெதுவாக ஓட்டினால் லோ ஸ்பீடு போதுமா?

கம்ப்ரெஷன் என்பது ஷாக் அழுந்தும்போது கொடுக்கும் எதிர்ப்பு. வண்டியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷாக்கின் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்கிறார்கள். வளைவில் வண்டி சாய்வது, பிரேக் போட்டால் மூக்கு இறங்குவது, ஜம்ப் ஏற்றத்தில் வண்டி அழுந்துவது எல்லாம் மெதுவான அசைவு. அங்கே வேலை செய்வது லோ ஸ்பீடு. தாவி இறங்குவதும் கூரான கல்லில் அடிப்பதும் வேகமான அசைவு. அங்கே ஹை ஸ்பீடு. நீங்கள் மணிக்கு 20 கி.மீ.யில் போனாலும் ஒரு மீட்டர் மேலிருந்து விழுந்தால் ஷாஃப்ட் வேகமாகத்தான் உள்ளே போகும்.

தாவுவதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் இந்த இரண்டையும் தனித்தனியாகத் திருக முடிகிற ஷாக் வாங்குங்கள். ஒரே திருகு உள்ளதில் இறக்கத்துக்காக இறுக்கினால் சின்னக் குழியில் பல் ஆடும். குழிக்காகத் தளர்த்தினால் இறக்கத்தில் தட்டும்.

ரீபவுண்டு என்பது அழுந்திய ஷாக் திரும்பி எழும் வேகம். தாவும் ஆளுக்கு மிக ஆபத்தான திருகு அதுதான். பின் ஷாக் வேகமாக எழுந்தால் ஜம்ப் உதட்டை (ஏற்றம் முடியும் விளிம்பை) தாண்டும்போது பின்பக்கம் உதைத்துத் தூக்கும், மூக்கு தரையைப் பார்க்கும். அப்படியே தலைகுப்புறப் போன ஒருவரை என் நிலத்திலேயே பார்த்திருக்கிறேன். தோள்பட்டை எலும்பு முறிவோடு தப்பித்தார். வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக அங்கே போக வழி தேட வேண்டாம்.

சிங்கிள், டூயல், டிரிபிள் ரேட் ஸ்பிரிங் என்றால்?

ஒரே ஷாக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்று, இரண்டு, மூன்று ஸ்பிரிங்குகள். ஒரே அளவுள்ள இரண்டு ஸ்பிரிங்குகளை அடுக்கினால் இரண்டும் சேர்ந்து ஒன்றின் பாதி பலத்தில் மென்மையாக இருக்கும். குறிப்பிட்ட தூரம் அழுந்தியதும் ஒரு வளையம் மேல் ஸ்பிரிங்கை நிறுத்திவிடும். அதன்பிறகு கீழ் ஸ்பிரிங் மட்டும் முழுப் பலத்தோடு எதிர்க்கும். சின்னக் குழிக்கு மென்மை, பெரிய இறக்கத்துக்குக் கடினம். அந்த வளையத்தின் இடத்தை மாற்றி எப்போது கடினமாக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். தாவுவதற்கு டூயல் தாராளமாகப் போதும். டிரிபிள் நல்லதுதான், ஆனால் அதைச் சரியாகச் செட் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காயில் ஸ்பிரிங்கா, ஏர் ஷாக்கா?

வேலூர் வெயிலுக்கு என் ஓட்டு காயிலுக்கு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏர் ஷாக்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்று. இலேசு, எடைக்கு ஏற்ப பம்பில் காற்றடித்தே மாற்றலாம், அழுந்த அழுந்தத் தானாகவே கடினமாகும். ஃபாக்ஸ் கம்பெனியின் ஃப்ளோட் இந்த வகை. அதில் இவால் என்ற கூடுதல் அறை உள்ளதில் கடைசிக் கட்ட எதிர்ப்பைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். விஐடி மாதிரிக் கல்லூரிகளில் பாஹா என்ற மாணவர் வண்டிப் போட்டிக்கு ஏடிவி கட்டும் மாணவர்களுக்கு ஃப்ளோட் நன்றாகப் பழக்கம். எடை குறைய வேண்டும், ஒவ்வொரு வருடமும் வண்டி மாறும், அவர்களுக்கு அது சரியான தேர்வு.

ஆனால் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். ஓட்டி ஓட்டி ஷாக் 70 டிகிரிக்கு வந்தால் உள்ளே ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ ஆகியிருக்கும். மே மாதம், அக்னி நட்சத்திரம், நிழலிலேயே 40க்கு மேல். பத்து மணிக்கு மேல் வண்டி காலையில் ஓட்டிய வண்டியாகவே இருக்காது. காயில் ஸ்பிரிங் சூட்டைப் பற்றிக் கவலைப்படாது.

ஆயில் மட்டும் இரண்டிலும் சூடாகி நீர்த்துப்போகும். அதைத் தாமதப்படுத்தத்தான் ரிசர்வாயர் என்ற தனிக் குடுவை. அதில் கூடுதல் ஆயிலும், மிதக்கும் பிஸ்டனுக்கு அப்புறம் நைட்ரஜனும் இருக்கும். ஆயிலும் கேஸும் கலக்காது, நுரைக்காது. ரிசர்வாயர் இல்லாத மலிவு ஷாக்கில் ஆயிலும் கேஸும் ஒரே அறையில் கிடக்கும், குலுக்கல் வரிசையில் நுரைத்துவிடும். தாவுகிற வண்டிக்கு ரிசர்வாயர் கட்டாயம். அது உடம்போடு ஒட்டியிருந்தாலும் சரி, ஹோஸ் போட்டுத் தனியாக இருந்தாலும் சரி. ஏ-ஆர்மிலோ சட்டத்திலோ இடிக்காமல் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

லாங் டிராவல் (ஓட்டம் அதிகமுள்ள) ஷாக் போட்டால் இன்னும் உயரம் தாவலாம் இல்லையா?

இங்கே என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் பெங்களூரில் ஒருவர் விற்ற லாங் டிராவல் முன் ஷாக் ஜோடியைப் போட்டோ பார்த்தே வாங்கினேன். பார்சலைப் பிரித்தபோது கண் கூசும் அழகு. மாட்டப் போனால் என் வண்டியின் ஏ-ஆர்முக்கு நீளம் பொருந்தவே இல்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பிராக்கெட் செய்து, மேல் மாட்டும் இடத்தை நகர்த்தி மாட்டினேன். இரண்டாவது ஞாயிறு இறங்கும்போது ஷாக் முழுக்க அழுந்துவதற்கு முன்பே ஏ-ஆர்ம் முனையில் இருக்கும் பந்து மூட்டு அதன் கடைசிக் கோணத்தைத் தொட்டு, ஷாஃப்ட் வளைந்தது. அந்த ஷாஃப்ட் இன்னும் மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது, யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் காட்டுவதற்கு.

லாங் டிராவல் என்பது ஷாக் மட்டும் இல்லை, அதற்கென்று செய்த ஏ-ஆர்மும் சேர்ந்த ஒரு ஜோடி. ஷாக் மாட்டும் புள்ளிகளே வேறு. பிரேக் ஹோஸ் நீளம், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் நீளம் எல்லாம் கூடவே மாறும். உங்கள் வண்டியில் கம்பெனி ஏ-ஆர்ம் இருந்தால் ஸ்டாண்டர்டு டிராவல் ஷாக். நீட்டிய ஏ-ஆர்ம் இருந்தால் அது எவ்வளவு நீளம், யார் செய்தது என்று எழுதிக்கொடுத்து அதற்கான ஷாக்.

மாட்டும் புள்ளியை நகர்த்துவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சிலர் கேட்பார்கள். சக்கரம் 100 மி.மீ. நகரும்போது ஷாக் 55 மி.மீ. அழுந்தினால் விகிதம் 0.55. சக்கரம் உணர்வது ஸ்பிரிங்கின் சொந்தப் பலத்தை அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு, வர்க்கம் சுமார் 0.30. புள்ளியை நகர்த்தி விகிதம் 0.65 ஆனால் வர்க்கம் 0.42. அதே ஸ்பிரிங், சக்கரத்துக்கு 40 சதவீதம் கடினமாகிவிட்டது. இரண்டு துளையை வேறு இடத்தில் போட்டதற்கு இந்தப் பலன்.

பைக் ஷாக்கை மாட்டினால் என்ன? பழைய பைக் ஷாக் ஆயிரத்துக்கே கிடைக்கிறதே.

கிடைக்கும். சாதாரணப் பைக்கின் பின் ஷாக் 80 முதல் 100 மி.மீ. அளவுக்குத்தான் அழுந்தும். மேலே சொன்ன 0.55 விகிதத்தில் 80 மி.மீ. ஷாக் சக்கரத்துக்கு 145 மி.மீ. ஓட்டம்தான் தரும். இருந்த 250ல் 100 மி.மீ. போய்விட்டது. அதை அந்த ஒன்று கூட்டல் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஐந்து மடங்கு எட்டு மடங்காகிவிடும். கேஸ் டப்பா வைத்த பைக் ஷாக்காக இருந்தாலும் கதை இதேதான்.

எந்தக் கம்பெனி? எவ்வளவு ஆகும்?

எல்கா கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தது. ஃபாக்ஸ் 1974ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஓலின்ஸ் 1976லிருந்து சுவீடனில் செய்கிறது. மூன்றும் நல்ல சரக்கு. எல்காவில் ஸ்டேஜ் என்று எண் போட்டு விற்பார்கள். ஸ்டேஜ் 5ல் ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு, ரீபவுண்டு எல்லாம் தனித்தனியாக உண்டு. உயர் ரகத்தில் முன் ஜோடியும் பின் ஒன்றும் சேர்ந்து இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதன்மேல் கூரியர், சுங்கம், வரி. ஆர்டர் போடுமுன் கூரியர்காரரிடம் மொத்தக் கணக்கை எழுதி வாங்குங்கள், பார்சல் சென்னையில் வந்து நிற்கும்போது கேட்காதீர்கள்.

மாற்று வழி ஒன்று இருக்கிறது. 450ஆரில் கம்பெனியே போட்டுத் தருவது கயாபா ஷாக், திருகுகள் எல்லாம் உள்ளது. சரியான ஸ்பிரிங் போட்டு, உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றி அடுக்கி, புது ஆயில் விட்டால் என்னைப் போல வாரம் ஒருமுறை தாவுகிறவர்களுக்கு அது போதும். நான் இப்போது ஓட்டுவது அதைத்தான். வளைந்த ஷாஃப்ட்டுக்குப் பிறகு பழைய ஷாக்குக்கே திரும்பிவிட்டேன். உங்கள் வண்டியில் ப்ரீலோடு மட்டும் மாற்றும் சாதாரண ஷாக் இருந்தால்தான் முழு செட் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால் முன் ஜோடியை முதலில் வாங்குங்கள். பின்பக்கம் லிங்கேஜ் இருப்பதால் ஓரளவு சமாளிக்கும். ஆனால் ஸ்பிரிங் மட்டும் முன்னும் பின்னும் ஒரே நாளில் மாற வேண்டும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஷாஃப்ட்டில் நகத்தால் தடவிப் பாருங்கள், கோடு தட்டினால் வேண்டாம். எந்த வருட மாடலுக்கு, எந்த ஏ-ஆர்முக்கு, எத்தனை கிலோ ஆளுக்குச் செய்தது என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் கொட்டகையில் தொங்கும் என் ஷாஃப்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து புதிதாகச் செய்து தருவதாகச் சொல்வார்கள். கடின குரோம் பூச்சு இல்லாத ஷாஃப்ட் சீலைத் தின்றுவிடும். புஷ், ஸ்பேசர் வேண்டுமானால் லேத்தில் செய்யுங்கள், அதில் நம் ராணிப்பேட்டை ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. மாட்டும் போல்ட் வலுவான ஹைடென்சில் வகைதான் போட வேண்டும்.

நைட்ரஜன்தானே, பைபாஸ் டயர் கடையிலேயே அடித்துக்கொள்ளலாமா?

டயர் கடைக் கருவி டயர் அழுத்தத்துக்கானது. ஷாக் ரிசர்வாயருக்கு 150 முதல் 200 பிஎஸ்ஐ கேட்கும் வகைகள் அதிகம். உள்ளே இடமோ ஒரு டம்ளர்கூட இல்லை. சாதாரண முனையைப் பிடுங்கும்போதே பாதி போய்விடும். சிலிண்டர், ரெகுலேட்டர், இதற்கென்ற ஊசி முனை உள்ளவரிடம் போங்கள். கேஸை வெளியேற்றாமல் ரிசர்வாயர் மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள், கண்ணைக் கொண்டுபோய்விடும்.

மாட்டியாயிற்று. எப்படிச் செட் செய்வது?

எல்லாத் திருகுகளையும் முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று எண்ணி, கம்பெனி சொன்ன எண்ணில் வையுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் உட்காரும் அளவு, அப்புறம் ரீபவுண்டு, கடைசியில் கம்ப்ரெஷன். ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரண்டு கிளிக். ஷாஃப்ட்டில் ஒரு ஜிப் டை கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் அழுந்தியது என்று அதுவே காட்டும்.

ஜம்ப் உதட்டில் பின்பக்கம் உதைத்தால் பின் ரீபவுண்டை மெதுவாக்குங்கள். குலுக்கல் வரிசையில் வண்டி போகப் போகத் தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்டு மிக மெதுவாக இருக்கிறது, அடுத்த மேட்டுக்குள் எழ நேரமில்லை. உட்காரும் அளவு சரி, ஆனாலும் இறக்கத்தில் தட்டினால் ஹை ஸ்பீடைக் கூட்டுங்கள். அன்றைய மிகப் பெரிய தாவலில் ஒரே ஒரு முறை லேசாகத் தொட்டால் செட்டிங் சரியாக இருக்கிறது. ஒருபோதும் தொடவே இல்லை என்று பெருமைப்படுகிறவர் கொடுத்த காசில் பாதி ஓட்டத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார்.

எப்போது சர்வீஸ்?

தாவுகிற வண்டி என்றால் 30 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலும் சீலும் பார்ப்பது என் வழக்கம். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பிரஷர் பைப்பை சீல் பக்கம் காட்டக் கூடாது என்று நின்று சொல்லுங்கள். குட்டியானையில் கட்டும்போது பெல்ட்டை ஷாக் முழுக்க அழுந்தும்படி இழுத்துக் கட்டாதீர்கள்.

பாலாற்றில் ஓட்டலாமா? ரோட்டில்?

இந்த வண்டிகளை ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது, அதனால்தான் குட்டியானை. பாலாற்று மணல் பார்க்க மெத்தை மாதிரி இருந்தாலும் அங்கே ஊர்களுக்குக் குடிநீர் தரும் கிணறுகள் இருக்கின்றன, அங்கே ஓட்டினால் ஊர்க்காரர் விரட்டுவது நியாயம். ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் காப்புக்காடு, நினைக்கவே வேண்டாம். சொந்த நிலம், அல்லது நிலத்துக்காரரின் அனுமதி.

அண்ணா, உங்க வண்டியை ஒரு ரவுண்டு தருவீங்களா?

உங்கள் எடை எவ்வளவு தம்பி? கவசத்தோடு. என் ஸ்பிரிங் 76 கிலோவுக்குப் போட்டது.